வளர்ந்த பிறகும் நிற்கும் திறமை: இளம் ஸ்கேட்டிங் வீராங்கனைகளை மதிப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2016 மார்ச்சில் ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் நடந்த உலக ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில், பெண்கள் பிரிவில் ஜப்பானின் மரின் ஹோண்டா தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு தைபேயில் ரஷ்யாவின் அலினா ஜாகிடோவா தங்கம், ஹோண்டா வெள்ளி, இன்னொரு ஜப்பானியரான காவோரி சகாமோட்டோ வெண்கலம். ஜாகிடோவா அடுத்த வருடமே 15 வயதில் ஒலிம்பிக் தங்கம், 2019-இல் உலகப் பட்டம் என்று எல்லாவற்றையும் வென்றுவிட்டு, அந்த டிசம்பரில் 17 வயதிலேயே போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். ஹோண்டா ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட ஆடாமல் 2024-இல் ஓய்வு பெற்றார். மேடையில் மூன்றாவதாக நின்ற சகாமோட்டோதான் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகச் சாம்பியன் ஆனார்.

தைபேயின் மதிப்பெண் பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு யார் நன்றாக ஆடினார் என்பதை அது சரியாகவே சொன்னது. ஐந்து வருடம் கழித்து யார் நிற்பார் என்பதை அதில் தேடினால் கிடைக்காது. அதற்கு வேறு மாதிரி பார்க்கப் பழக வேண்டும். இந்த விளையாட்டை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக, நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். எல்லாப் படிகளிலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண்ணிடம் இப்போது இருப்பதில் எது, அவர் வளர்ந்து உடல் மாறிய பிறகும் கூடவே வரும்?

முதலில் பிறந்த தேதி

ஒரு புதுப் பெயர் கண்ணில் பட்டதும் மதிப்பெண்ணைத் தேடாதீர்கள், பிறந்த தேதியைத் தேடுங்கள். ஸ்கேட்டிங் பருவம் ஜூலை 1-இல் தொடங்குகிறது. அந்தத் தேதிக்கு முன் 13 வயது முடிந்தவர்கள் சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆடலாம். 19 ஆகிவிட்டால் ஜூனியரில் இடமில்லை. சீனியருக்குக் குறைந்தபட்ச வயது முன்பு 15 ஆக இருந்தது. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதை 17 ஆக உயர்த்தியது. ஒரே அடியாக உயர்த்தாமல் 2023-24 பருவத்தில் 16, 2024-25 முதல் 17 என்று இரண்டு படியாகச் செய்தார்கள்.

இந்த விதி எப்படி வெட்டுகிறது என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். ஜப்பானின் மாவோ ஷிமாதா 2008 அக்டோபர் 30-இல் பிறந்தவர். தென்கொரியாவின் ஷின் ஜியா 2008 மார்ச்சில் பிறந்தவர். இருவரும் வருடக்கணக்கில் ஒரே மேடையில் நின்றவர்கள். 2023, 2024, 2025 மூன்று உலக ஜூனியர் போட்டிகளிலும் ஷிமாதா தங்கம், ஷின் வெள்ளி. ஆனால் மிலான் ஒலிம்பிக் நடந்த 2025-26 பருவத்துக்கு ஷின் சீனியர் வயதை எட்டிவிட்டார், ஷிமாதா எட்டவில்லை. நாலு மாதத்தில் தவறிப்போன ஒலிம்பிக் அது. ஷிமாதாவுக்கு 2026-27 பருவத்தில்தான் சீனியர் கதவு திறக்கிறது.

மதிப்பிடுகிறவருக்கு இதனால் இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று, நல்ல வீராங்கனைகள் முன்பைவிட அதிக ஆண்டுகள் ஜூனியரில் இருக்கிறார்கள். 13 வயதுப் பெண்ணும் 17 வயதுப் பெண்ணும் ஒரே போட்டியில் ஆடுகிறார்கள். ஆகவே தரவரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுங்கள். இரண்டு, உடல் மாறும் வருடங்கள் இப்போது ஜூனியரிலேயே நம் கண்முன் நடக்கின்றன. முன்பு சீனியருக்குப் போன பிறகு தெரிந்தது, இப்போது அதற்கு முன்பே தெரிகிறது. நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

எங்கே பார்ப்பது

ஜூனியர் கிராண்ட் பிரீ தொடர் ஆகஸ்ட்டில் தொடங்கி அக்டோபர் வரை வெவ்வேறு நாடுகளில் நடக்கும். சர்வதேச சங்கத்தின் யூடியூப் சேனலில் இந்தப் போட்டிகளைப் பார்க்கலாம். தொடரின் முதல் ஆறு பேர் டிசம்பரில் இறுதிப் போட்டியில் மோதுவார்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ உலக ஜூனியர் போட்டி. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நடுவர்களின் விரிவான மதிப்பெண் தாள் பி.டி.எஃப். ஆக வெளிவரும். அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாவல்களை ஒதுக்கிவிட்டுக் காலைப் பாருங்கள்

முதல் தடவை பார்க்கும்போது தாவல்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். கஷ்டம்தான், கண் தானாக அங்கேதான் போகும். ஆனாலும் தாவலுக்கும் தாவலுக்கும் நடுவே கால் என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். வளர்ச்சியில் தொலையாத விஷயங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது வேகம். வேகம் என்றால் எத்தனை தள்ளலில் வந்த வேகம். சிலர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக எட்டுப் பத்துத் தடவை காலைக் குறுக்கே போட்டு ஓடுவார்கள்; மூச்சு வாங்குவது நமக்கே தெரியும். சிலர் இரண்டு மூன்று தள்ளலில் அதே வேகத்தை எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கை, தோள், முகம் என்று ஆட்டத்தைக் கவனிப்பார்கள். இரண்டாவது வகை அபூர்வம். 13 வயதில் ஒரு பெண்ணிடம் அதைப் பார்த்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முழங்கால். பரதநாட்டியத்தில் அரைமண்டி சரியாக அமையாத பிள்ளையின் அடவு எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் ஆசிரியருக்குத் திருப்தி வராது. இங்கே முழங்கால் மடிப்பு அப்படி. மடிந்து நிமிரும் முழங்கால்தான் பிளேடின் விளிம்பைப் பனிக்குள் இறக்குகிறது, அங்கிருந்துதான் வேகமும் திசை மாற்றமும் வருகின்றன. விறைத்த முழங்காலோடு ஆடுகிறவர் பனியின் மேலேயே நிற்பது போலத் தெரியும். காதையும் பயன்படுத்துங்கள். ஆழமான விளிம்பில் போகும் பிளேடு ஒரு கனமான, தொடர்ச்சியான சத்தம் தரும். பிளேடின் முனையில் இருக்கும் முன்பல்லில் உரசிக்கொண்டு போகிறவரிடம் கரகரவென்று கீறும் சத்தம் வரும். ஒளிபரப்பில் இசை மெல்லியதாக இருக்கும் இடங்களில் இது நன்றாகவே கேட்கும்.

இதையெல்லாம் பார்க்க மிக நல்ல நேரம் போட்டிக்கு முந்தைய ஆறு நிமிட வார்ம்-அப். பலர் அதை ஓட்டிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், செய்யாதீர்கள். ஐந்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் ஒரே பனியில் இருப்பது அப்போது மட்டும்தான். தனியாக ஆடும்போது எல்லோரும் வேகமாகத்தான் தெரிவார்கள். கேமரா கூடவே நகர்வதால் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. வார்ம்-அப்பில் ஒருவர் மற்றவர்களைச் சர்வ சாதாரணமாகக் கடந்து போவது அப்படியே தெரியும். அதோடு ஒரு தாவலில் விழுந்தவர் எழுந்து அடுத்து என்ன செய்கிறார், பயிற்சியாளரிடம் ஓடுகிறாரா, உடனே திரும்ப முயல்கிறாரா, இல்லை எளிய தாவல் ஒன்றைப் போட்டு நிதானப்படுத்திக்கொள்கிறாரா என்பதும் தெரியும்.

சகாமோட்டோவை இந்தக் கண்ணோடு பாருங்கள். அவருடைய டபுள் ஆக்சலின் (காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றும் தாவல்) அடிப்படை மதிப்பு, அதாவது தரம் பார்ப்பதற்கு முன் அந்தத் தாவலுக்கு உள்ள புள்ளி, 3.30 தான், சீனியரில் எல்லோரும் செய்கிற தாவல். ஆனால் அவர் முழு வேகத்தில் வந்து, முன்னோக்கிப் பாய்ந்து, வந்த வேகம் குறையாமலே இறங்கி வெளியே போவார். மற்றவர்கள் அதே தாவலுக்கு வேகத்தைக் குறைத்துத் தயாராவதை அப்புறம் பாருங்கள். 2017-இல் தைபேயிலும் அவரிடம் அந்த வேகம் இருந்தது. ட்ரிபிள் (மூன்று சுற்று வகை) ஆக்சலோ குவாடோ (நான்கு சுற்றுத் தாவல்) இல்லாமல் மூன்று உலகப் பட்டம் வந்ததற்கு முதல் காரணமாக நான் அதைத்தான் சொல்வேன்.

தாவலை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

தாவல் ஆறு வகை. டோ லூப், சால்கோ, லூப், ஃபிலிப், லுட்ஸ், ஆக்சல். இந்த வரிசையிலேயே மதிப்பு ஏறும். ட்ரிபிள் டோ லூப் 4.20, லுட்ஸ் 5.90, ஆக்சல் 8.00. குவாட் டோ லூப் 9.50. ஆக்சலை அடையாளம் காண்பது சுலபம், அது ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்துக் கிளம்பும் தாவல். மற்ற ஐந்தையும் பிரித்தறிய ஒரு பருவம் பார்த்தால் பழகிவிடும், அவசரம் வேண்டாம். எல்லாமே பின்னோக்கி, வெளி விளிம்பில் இறங்குகின்றன.

யூடியூபில் ஓடுவதை நிறுத்திவிட்டு கீபோர்டில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், காற்புள்ளி விசையில் ஒரு ஃபிரேம் பின்னால் வரும். முக்கால் நொடிகூட ஆகாத ஒரு செயலை இப்படித்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

கிளம்பும் இடத்தில் தொடங்குங்கள். ஃபிலிப்பும் லுட்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஃபிலிப் உள் விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டும், லுட்ஸ் வெளி விளிம்பிலிருந்து. பலர் சிறு வயதில் இரண்டையும் ஒரே விளிம்பில் பழகிவிடுகிறார்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. லுட்ஸுக்கு நீண்ட வளைவில் பின்னோக்கி வரும்போது, கிளம்புவதற்குச் சற்று முன் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அடுத்து, முன்பல்லைக் குத்தும் கால் உண்மையில் முன்பல்லைத்தான் குத்துகிறதா, இல்லை பிளேடு முழுவதும் பனியில் படிந்து அப்படியே உடம்பு திரும்பித் திரும்பிக் கிளம்புகிறதா? எல்லாத் தாவலிலும் கொஞ்சம் முன்கூட்டியே திரும்புவது இயல்பு, அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். ஆனால் பாதிச் சுற்றுக்கு மேல் தரையிலேயே முடிந்துவிடுகிறது என்றால் அந்தத் தாவல் உயரத்தை நம்பி நிற்கவில்லை.

காற்றில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: இவர் உயரத்தால் சுற்றை முடிக்கிறாரா, சுழலும் வேகத்தால் முடிக்கிறாரா? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிறேன். குட்டையான, மெலிந்த உடம்பு மிக வேகமாகச் சுழலும். அதிகம் எழும்பாமலே மூன்று, நான்கு சுற்று முடிந்துவிடும். வளர்ந்ததும் கை கால் நீளும், எடை அச்சிலிருந்து விலகிப் பரவும், அதே உந்துதலுக்குச் சுழல் மெதுவாகிவிடும். அப்போது சுற்றை முடிக்கக் காற்றில் கூடுதல் நேரம் வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். சிறு வயதிலேயே முழங்காலிலிருந்தும் தொடையிலிருந்தும் எழும்பப் பழகியவருக்கு அந்த உயரம் கையில் இருக்கும். வேகச் சுழலை மட்டுமே நம்பியவர் தாவலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். விளம்பரப் பலகை, பக்கச்சுவரின் மேல்விளிம்பு என்று பின்னணியில் ஏதாவது கோட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களின் கால் அதிலிருந்து எவ்வளவு மேலே போகிறது என்று ஒப்பிடலாம். ஒரே கேமராக் கோணமாக இருந்தால் மட்டும்.

அப்புறம் இறங்கும் இடம். பிளேடு பனியைத் தொடும் முதல் ஃபிரேமில் நிறுத்துங்கள். பாதம் பின்னோக்கிப் போகும் திசைக்கு ஒத்து நிற்கிறதா? பக்கவாட்டில் நின்றால் கால் பங்குச் சுற்று குறைவு என்று பொருள். தொட்ட பிறகு பனியிலேயே கொக்கி மாதிரி திரும்பினால், ஒரு பக்கமாகப் பனித்தூள் தெறிக்கும். சந்தேகமான சமயங்களில் கேமரா இருக்கும் பக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சில கோணங்களில் நல்ல தாவலும் குறைச் சுற்றாகத் தெரியும். ஒரு தாவலை வைத்து முடிவு கட்டாமல், அதே தாவலை நாலைந்து போட்டிகளில் பாருங்கள்.

மதிப்பெண் தாள்

இப்போது அந்த பி.டி.எஃப். தாளைத் திறக்கலாம். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு வரி இருக்கும். பெயர், அதன் பக்கத்தில் ஏதாவது குறி, அடிப்படை மதிப்பு, தரத்துக்கான கூட்டல் கழித்தல், ஒவ்வொரு நடுவரும் போட்ட எண். நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம் ஏறும், இறங்கும்.

எனக்கு, பெயரின் பக்கத்தில் இருக்கும் குறிதான் முக்கியம், மொத்த எண் பிறகுதான். ஒற்றைக் கோணக் குறி (<) இருந்தால் சுற்று கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது, அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். இரட்டைக் கோணக் குறி (<<) என்றால் அரைச் சுற்று அல்லது அதற்கும் மேல் குறைவு, ஒரு சுற்று குறைந்த தாவலாகவே கணக்கு. 'க்யூ' (q) என்ற எழுத்து சரியாகக் கால் பங்குச் சுற்று குறைந்ததைக் குறிக்கும். 'இ' (e) என்ற எழுத்து தவறான விளிம்பு, ஆச்சரியக்குறி சந்தேகமான விளிம்பு.

கணக்கைப் பாருங்கள். சுத்தமான ட்ரிபிள் லுட்ஸுக்கு நடுவர்கள் பிளஸ் 3 போட்டால் 5.90-உடன் 1.77 சேர்ந்து 7.67. அதே லுட்ஸுக்குக் கோணக் குறி விழுந்து மைனஸ் 2 வந்தால் 3.78. பாதிக்குப் பாதி போய்விட்டது. டிவியில் பார்ப்பவருக்கு இரண்டுமே விழாமல் இறங்கிய தாவல்கள்தான்.

ஒரு பெண்ணின் மூன்று நான்கு தாள்களை அடுத்தடுத்து வைத்து, குறிகள் எந்தத் தாவலில் விழுகின்றன, எப்போது விழுகின்றன என்று பாருங்கள். ஃப்ரீ ஆட்டத்தின் (ஒரு போட்டியின் இரண்டு ஆட்டங்களில் நீளமானது) கடைசி மூன்று தாவல்களில் மட்டும் விழுந்தால் அது பெரும்பாலும் களைப்பு; வயதும் பயிற்சியும் சரிசெய்யும். முதல் லுட்ஸிலேயே, ஒவ்வொரு போட்டியிலும் 'இ' விழுந்தால் அது அடித்தளத்திலேயே இருக்கும் கோளாறு. அதற்காக அவரைக் கழித்துவிட வேண்டாம், சகாமோட்டோவின் லுட்ஸுக்கே விளிம்புக் குறி அடிக்கடி விழுந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறையை ஈடுகட்ட அவரிடம் இருந்த அளவுக்கு இவரிடமும் ஏதாவது இருக்க வேண்டும்.

தாளின் கீழே மூன்று எண்கள் இருக்கும். ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொன்றும் பத்துக்கு. 2022-23 பருவத்திலிருந்து பெண்களுக்கு இவற்றை ஷார்ட் என்னும் குறுகிய ஆட்டத்தில் 1.33 ஆலும் ஃப்ரீயில் 2.67 ஆலும் பெருக்கிச் சேர்க்கிறார்கள். இரண்டு ஆட்டமும் சேர்ந்தால் நாலு மடங்கு. ஜூனியரில் 7 வாங்குகிற ஒருவர் சில ஆண்டுகளில் மூன்றிலும் 8.5-க்கு உயர்ந்தால் கூடுவது 18 புள்ளி. ஒரு குவாட் டோ லூப்பின் அடிப்படை மதிப்பு 9.50. இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்ததும் சகாமோட்டோவின் கதை புரிந்துவிடும். புதியவர்கள் குவாடையே எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. உள்நாட்டுப் போட்டிகளில் மதிப்பெண் தாராளமாக வருவது எல்லா நாட்டிலும் உண்டு. ஒப்பிடும்போது சர்வதேசப் போட்டித் தாள்களை மட்டும் எடுங்கள்.

வளர்ந்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

பழைய வீராங்கனைகளின் 14 வயது வீடியோவையும் 19, 20 வயது வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல நல்ல பயிற்சி வேறு இல்லை.

ரஷ்யாவின் எலிசவெட்டா துக்தமிஷெவா 2011-இல் 14 வயதிலேயே சீனியர் கிராண்ட் பிரீ போட்டிகள் இரண்டை வென்றார். பிறகு சரிவு, சொந்த நாட்டில் நடந்த 2014 சோச்சி ஒலிம்பிக்குக்கே இடம் கிடைக்கவில்லை. கதை முடிந்தது என்று பேசினார்கள். அடுத்த ஆண்டு ஷாங்காயில் ட்ரிபிள் ஆக்சல் தாவி உலகச் சாம்பியன் ஆனார். 2021-இல் 24 வயதில் உலக வெள்ளி. அவருடைய சிறுவயது வீடியோவில் பாருங்கள், ஒவ்வொரு தாவலும் காலின் பலத்தில் எழும்புகிறது. சரிவு வந்த காலத்திலும் அந்த எழும்பல் போகவில்லை.

அமெரிக்காவின் அலிசா லியூ வேறு பாடம். 2019-இல் 13 வயதில் தேசியச் சாம்பியன். அதே ஆண்டு ஜூனியர் போட்டியில் குவாட் லுட்ஸ் தாவினார், அமெரிக்கப் பெண் ஒருவர் போட்டியில் தாவிய முதல் குவாட் அது. வளர வளரப் பெரிய தாவல்கள் போய்விட்டன. 2022-இல் உலக வெண்கலம் வாங்கிய கையோடு 16 வயதில் ஓய்வு. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனார், குவாடும் ட்ரிபிள் ஆக்சலும் இல்லாமல். 2019-இல் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குவாடைப் பற்றித்தான் எழுதினார்கள். பாஸ்டனில் வென்றது முழுமையாகச் சுற்றிய ட்ரிபிள்கள், நடுக்கமில்லாத மனம், ஆட்டத்தில் இருந்த மகிழ்ச்சி. கடைசி இரண்டையும் எந்தத் தாளிலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. தானாக விரும்பித் திரும்பி வந்தவர் என்பது ஆட்டத்திலேயே தெரிந்தது.

ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா ட்ரூசோவா 2018 உலக ஜூனியர் போட்டியில் 13 வயதில் இரண்டு வகைக் குவாட் தாவினார், 2022 பெய்ஜிங்கில் ஐந்து குவாட் தாவி வெள்ளி வென்றார். வேகச் சுழல் நிலைக்காது என்று நான் மேலே சொன்ன விதிக்கு அவர் ஓரளவு விதிவிலக்கு. மதிப்பிடுகிறவர் விதிவிலக்குகளையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆம்பர் கிளென் 2014-இல் தேசிய ஜூனியர் பட்டம் வென்றவர். சீனியர் தேசியப் பட்டம் வந்தது 2024-இல். அதே ஆண்டு 25 வயதில், ட்ரிபிள் ஆக்சலுடன் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியையும் வென்றார். இடைப்பட்ட பத்து வருடத்தில் அவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்ட ரசிகர்கள் எத்தனையோ பேர்.

சுழல்கள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுழல் ஒரே இடத்தில் நிற்கிறதா, நிலை மாறும்போது வேகம் குறைகிறதா என்று பாருங்கள். காலைத் தலைக்கு மேல் பிடிக்கும் பீல்மன் நிலை கண்ணைக் கவரும், ஆனால் வளைவுத்தன்மை வயதோடு குறையக்கூடியது. மையம் பிசகாத சுழல் குறையாது.

நாடு, பயிற்சி, காயம்

உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பெண்கள்தான் போகலாம். ஜப்பானில் அந்த மூன்று இடத்துக்கு நடக்கும் போட்டி மிகக் கடுமை. வேறு நாட்டில் பிறந்திருந்தால் ஆண்டுதோறும் உலகப் போட்டிக்குப் போயிருக்கக்கூடியவர் அங்கே வீட்டிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே "இவர் நல்ல வீராங்கனையா" என்பதும் "இவருக்கு வாய்ப்பு வருமா" என்பதும் தனித்தனிக் கேள்விகள், சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சியாளர் மாற்றத்தைக் குறித்து வையுங்கள், ஆனால் உடனே பொருள் சொல்லாதீர்கள். தாவல் நுட்பத்தைத் திருத்தும்போது முதல் பருவம் பெரும்பாலும் மோசமாகத்தான் போகும். காயமும் அப்படியே. ஒரு பருவம் முழுக்கத் தாவல்களைக் குறைத்து ஆடுகிறார் என்றால், அந்தப் பருவத்தில் அவருடைய ஸ்கேட்டிங் திறனுக்கான எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்த வருடம் வீணாகவில்லை.

நோட்டில் எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது

ஒரு வீராங்கனைக்கு ஒரு பக்கம். பிறந்த ஆண்டு, போட்டி, திட்டமிட்ட தாவல்கள், செய்த தாவல்கள், விழுந்த குறிகள், ஸ்கேட்டிங் திறன் எண், பார்த்தபோது உங்களுக்குத் தோன்றிய ஒரு வரி. வருடத்துக்கு இரண்டு மூன்று பதிவு போதும். மூன்று பருவம் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் எதையாவது சொல்ல ஆரம்பிக்கும். ஐந்தாறு பெயர்களோடு தொடங்குங்கள், முப்பது பெயர் எழுதினால் ஒருவரையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

உயரம், எடை, உடல்வாகு பற்றி நோட்டில் எழுதாதீர்கள், இணையத்தில் கண்டிப்பாக எழுதாதீர்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது 13, 14 வயதுக் குழந்தைகளைப் பற்றி. ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா 15 வயதில் சோச்சியில் உலகையே வியக்க வைத்தார். 2017-இல் 19 வயதில் ஓய்வு பெற்றபோது, உணவு மறுப்பு நோய்க்குச் சிகிச்சை எடுத்ததை வெளிப்படையாகச் சொன்னார். "உடம்பு போட்டுவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று ரசிகர்கள் எழுதும் வரியை அந்தப் பெண்களும் படிக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும் படிக்கிறார்கள். வளர்ச்சியின் விளைவைப் பேச வேண்டுமென்றால் தாவலின் மொழியில் பேசலாம். "லுட்ஸில் சுற்று குறைகிறது, உயரம் இன்னும் வரவில்லை" என்று எழுதினால் சொல்ல வேண்டியது முழுவதும் வந்துவிடுகிறது, யாரும் காயப்படுவதில்லை.

தொடங்க ஒரு பயிற்சி

ஷிமாதாவும் ஷின் ஜியாவும் 2023-இல் கால்கரியில் ஆடிய ஃப்ரீ ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிமாதாவிடம் ட்ரிபிள் ஆக்சலும் குவாட் டோ லூப்பும் உண்டு, ஷின்னிடம் இல்லை. முதலில் இரண்டு பேரின் காலை மட்டும் பாருங்கள், பிறகு ஃபிரேம் ஃபிரேமாக லுட்ஸ், கடைசியாகத் தாள். அடுத்து 2025 டெப்ரெசென் ஆட்டங்களோடு அதையே திரும்பச் செய்யுங்கள். யாரிடம் எது கூடியது, எது குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள்.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஷிமாதாவிடம் நான் நம்புவது குவாடை அல்ல. சுற்று முழுமையாக முடியும் ட்ரிபிள்கள், மையம் பிசகாத சுழல்கள், வருடத்துக்கு வருடம் ஆழமாகும் விளிம்பு, இவற்றைத்தான். குவாட் போனாலும் இவை நிற்கும் என்று நினைக்கிறேன். ஷின்னிடம் தாவல் மதிப்பு குறைவு, ஆனால் மென்மையான முழங்காலும் இசையைக் கேட்டு ஆடும் குணமும் இருக்கின்றன, இரண்டுமே சீனியரில் விலை ஏறுபவை. ஜூனியரில் ஃப்ரீ ஆட்டம் மூன்றரை நிமிடம், சீனியரில் நாலு நிமிடம். ஷிமாதாவின் முதல் சீனியர் பருவத்தைப் பார்க்கும்போது அந்தக் கூடுதல் அரை நிமிடத்தில் கடைசி மூன்று தாவல்களின் பக்கத்தில் குறி எதுவும் விழுகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் ஸ்கேட்டிங் திறன் எண்ணைப் பாருங்கள். தரவரிசை எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.